24 வார ப்ளேஸ்மென்ட்டுக்கு எடுத்த ரூம்: 5க்கு 3, அதுல ஒரு ஸ்டார் முழுசா கிச்சன் டேபிளுக்கு

மொதல்லயே சொல்லிடறேன், ரூம் குடுத்த கம்பெனி பேரு இதுல வராது, கேட்டு மெசேஜும் பண்ணாதீங்க. பேரு தெரிஞ்சும் ஒண்ணும் ஆகப்போறதில்ல, இந்த மாதிரி எடம் இப்ப எத்தனையோ ஊர்ல வந்துருச்சு. ஸ்டூடன்ட்ஸ், இன்டர்ன்ஸ்னு குறிவெச்சு, கட்டில் மேஜை பீரோ எல்லாம் போட்டு, ரூம் தனி, கிச்சன் பொது, ஆப்லயே புக்கிங், ஆப்லயே கம்ப்ளைன்ட். போர்டு மட்டும்தான் மாறும். நான் இருந்தது 24 வாரம், கோர்ஸ்ல கட்டாயமா முடிக்கவேண்டிய ப்ளேஸ்மென்ட்டுக்காக (படிக்கும்போதே ஒரு ஆபீஸ்ல வேலை பழகறது), ஒருத்தரையும் தெரியாத ஊர்ல. அதுக்கு முன்னாடி மூணு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தவதான், ஆனா ஹாஸ்டல் கணக்கே வேற, அங்க கரண்ட் போனா கூட 200 பேர் சேந்து கத்துவோம், இங்க கரண்ட் போனா நம்ம ரூம்ல மட்டும் போயிருக்கா இல்ல தெரு முழுக்க போயிருக்கான்னு ஜன்னல்ல எட்டிப் பாத்து நாமளேதான் கண்டுபிடிக்கணும்.

புக் பண்றதுக்கு முன்னாடி நூறு ரிவ்யூவாவது படிச்சிருப்பேன். எல்லாத்துலயும் ரூம் சைஸுக்கு ஒரு ஸ்டார், க்ளீனிங்குக்கு ஒரு ஸ்டார், லொகேஷனுக்கு ஒரு ஸ்டார்னு கூறு போட்டு வெச்சிருந்தாங்க. இருந்து பாத்தப்பறம் எனக்கு தோணறது என்னன்னா, இந்த மாதிரி கொஞ்ச நாள் தங்கற ரூமுக்கு ரெண்டே ரெண்டு நாள்தான் பரீட்சை, உள்ள நுழையற ராத்திரி ஒண்ணு, சாவிய திருப்பிக் குடுக்கற நாள் ஒண்ணு. நடுவுல இருக்கற அஞ்சு மாசம் எப்படியோ பழகிப்போயிடும். அதனால நான் அந்த ரெண்ட பத்திதான் நெறைய எழுதப் போறேன், மத்ததெல்லாம் போற போக்குல.

சரி, மொத ராத்திரி.

வண்டி லேட்டு. 9 மணிக்கு போய்ச் சேரவேண்டியவ 11:40க்கு வாசல்ல நிக்கறேன், ரெண்டு பொட்டி, முதுகுல ஒரு பேக், போன்ல சார்ஜ் 9 பர்சென்ட். பவர் பேங்க் இருக்கு, அது பெரிய பொட்டிக்குள்ள துணிக்கெல்லாம் அடியில இருக்கு. (அத கைப்பைலயே வெச்சுக்கோன்னு அப்பா மூணு தடவ சொன்னாரு. ஃப்ளைட்ல போறவங்களுக்கு வேற வழியே இல்ல, பவர் பேங்க் செக்கின் லக்கேஜ்ல போடவே கூடாது. நான் தரை வழியா போனதால எனக்கு அந்த கொழுப்பு.) ஆபீஸ் சாயந்திரமே மூடியாச்சு, அதுக்கு இவங்க வெச்சிருக்கற பேரு செல்ஃப் செக்கின். அதாவது கதவுக்கு பக்கத்துல செவுத்துல ஒரு சின்ன இரும்புப் பொட்டி, மேல நம்பர் பட்டன், மெயில்ல வந்த கோடை அமுக்கினா அது தெறக்கும், உள்ள சாவி இருக்கும். அமுக்கினேன், தெறக்கல. நிதானமா அமுக்கினேன், தெறக்கல. மெயில தெறந்து ஒவ்வொரு நம்பரா பாத்துப் பாத்து அமுக்கினேன், அதுக்கும் அசையல.

எமர்ஜென்சி நம்பருக்கு போன் போட்டா 22 நிமிஷம் பாட்டு ஓடுது. நடுநடுவுல "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது". போன் 3 பர்சென்ட். அழுகை வரல, ஆனா அந்த தெருவுல ஒரு நாய் கூட இல்லாம இருந்துச்சே, அத இப்ப நெனச்சாலும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணும்.

அப்ப குப்பை போட வெளிய வந்தாங்க ஒரு பொண்ணு, நைட் டிரெஸ்ல, ஒரு கால்ல ஒரு செருப்பு இன்னொரு கால்ல வேற செருப்பு. என்னைப் பாத்ததும் ஒரு கேள்விகூட கேக்காம "க்ளியர் இழுத்தீங்களா?"ன்னாங்க. விஷயம் என்னன்னா அந்த பட்டன் பொட்டிக்குள்ள எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, வெறும் மெக்கானிக்கல். எந்தெந்த பட்டன் அமுங்கியிருக்குங்கறதுதான் அதுக்கு கணக்கு, எந்த வரிசைல அமுக்கினோம்னு கூட பாக்காது. இருட்டுல கை தவறி ஒரு பட்டன் கூடுதலா பட்டுடுச்சுன்னா அது அப்படியே அமுங்கிக் கெடக்கும், அதுக்கு மேல சரியான கோடை விடிய விடிய அமுக்கினாலும் தெறக்காது. பக்கத்துல க்ளியர்னு ஒரு சின்ன கட்டை இருக்கும், அத ஒருவாட்டி கீழ இழுத்து பழசெல்லாம் அழிச்சுட்டுதான் மறுபடி ஆரம்பிக்கணும். இழுத்தேன், அமுக்கினேன், டக்குன்னு தெறந்துச்சு. "எல்லாரும் மொத நாள் இங்கதான் நிப்பாங்க"ன்னு சொல்லிட்டு அவங்க குப்பை போடப் போயிட்டாங்க.

எனக்கு கோவம் வந்ததே அந்த வார்த்தைக்கு அப்பறம்தான். எல்லாரும் நிக்கறாங்கன்னு தெரியுது இல்ல, அப்ப மெயில்ல ஒரு வரி, க்ளியர் கட்டையை இழுத்துட்டு அமுக்குங்கன்னு போடறதுக்கு என்ன? வெல்கம் மெயில்ல பால்கனி செடி பத்தி ஒரு பாராவே இருந்துச்சு. இந்த ஒரு வரி இல்லாததுக்கு ஒரு ஸ்டார் கட்.

உள்ள போனதும் நேரா கட்டில்ல விழலாம்போல இருந்துச்சு, ஆனா சீனியர் ஒருத்தங்க சொல்லி அனுப்பியிருந்தாங்க, புது எடத்துக்கு போனா பொட்டிய மெத்தை மேலயோ கார்ப்பெட் மேலயோ வெக்காத, நேரா பாத்ரூம் டைல்ஸ்ல வை, மெத்தையப் பாத்துட்டு அப்பறம் பிரின்னு. மூட்டைப்பூச்சி. ஆள் மாத்தி ஆள் வந்துட்டுப் போற ரூம்ல இதுதான் பெரிய பயம், அழுக்கான எடத்துலதான் வரும்னு ஒண்ணும் கிடையாது, யாரோ ஒருத்தர் பொட்டில வந்து எறங்கினா போதும். மெத்தையோட தையல் ஓரத்த விரலால பிரிச்சு போன் டார்ச்ச அடிச்சுப் பாக்கணும், நாலு மூலையும், கட்டில் தலைமாட்டுல மரமும் செவுரும் சேர்ற எடமும். வளந்த பூச்சி அஞ்சாறு மில்லிமீட்டர் இருக்கும், ஆப்பிள் வெதை சைஸ், கண்ணுக்கு நல்லாவே தெரியும். பூச்சி தெரியலன்னாலும் இங்க் பேனாவால புள்ளி வெச்ச மாதிரி கருப்பா கறை இருக்கான்னு பாக்கணும், அது அதோட கழிவு. சந்தேகமா இருந்தா அங்க தூங்கவே தூங்காதீங்க, அப்படியே பூச்சி தொத்திடுச்சுன்னா துணிய 60 டிகிரி சூட்டுல துவைக்கணும், பச்சத்தண்ணில அலசினா அது பாட்டுக்கு இருக்கும்.

பூச்சி இல்ல. இந்த விஷயத்துல அவங்களுக்கு முழு மார்க், மெத்தைக்கு ஜிப் கவரே போட்டு வெச்சிருந்தாங்க. ஆனா மெத்தைய தூக்கினப்ப கீழ அத தாங்கற குறுக்கு மரப்பட்டைல ஒண்ணு, கால்மாட்டுலேந்து மூணாவது, நடுவுல முறிஞ்சு ப்ரவுன் டேப் சுத்தி வெச்சிருந்துச்சு. டேப்போட நுனி பிரிஞ்சு அதுல பழைய தூசி ஒட்டிக் கெடந்துச்சு. அதையும் போட்டோ எடுத்தேன், பீரோ கதவுல ஒரு கீறல், ஜன்னல் பிடி லூஸு, செவுத்துல ஆணி ஓட்டை நாலு, கரண்ட் மீட்டர் ரீடிங், மொத்தம் 34 போட்டோ ஒரு வீடியோ. ராத்திரி 1 மணிக்கு அத்தனையும் அவங்க மெயிலுக்கே அனுப்பிட்டுத்தான் தூங்கினேன். போன்ல எடுத்து வெச்சா மட்டும் பத்தாதுங்க, அனுப்பணும், அப்பதான் தேதி அவங்க இன்பாக்ஸ்லயும் இருக்கும். இந்த மரப்பட்டை கதை பின்னாடி வரும்.

லொகேஷன். விளம்பரத்துல "20 நிமிடத்தில் நகர மையம்"னு போட்டிருந்துச்சு, பொய் இல்ல, ராத்திரி 3 மணிக்கு கார்ல போனா போயிடலாம். நான் புத்திசாலின்னு நெனச்சுட்டு ஜாயின் பண்றதுக்கு முந்தின நாளே ஆபீஸ் வரைக்கும் ஒரு ட்ரையல் போயிட்டு வந்தேன், 28 நிமிஷம். ஆனா அன்னிக்கு ஞாயித்துக்கிழமை! திங்கக்கிழமை காலைல அதே ரூட்டு 51 நிமிஷம், மொத நாளே லேட்டு, செக்யூரிட்டில ஐடி கார்டு வாங்க க்யூ வேற, என் மென்டர் லாபில கைகடிகாரத்த பாத்துட்டு நின்னாரு. மேப்ல இப்ப கெளம்பினா எவ்ளோ நேரம்னு பாக்காதீங்க, வேலை நாள்ல காலைல இத்தன மணிக்கு போய்ச் சேரணும்னு போட்டு பாருங்க, அதுக்கு ஆப்ஷன் அதுலயே இருக்கு. ரூம் புக் பண்றதுக்கு முன்னாடியே பாருங்க. நான் 24 வாரம் அந்த 51 நிமிஷத்த போயிட்டு வந்தேன், போக வர அதயே கணக்கு போட்டா தலை சுத்தும்.

வைஃபை. அதிவேக இன்டர்நெட்னு போட்டிருந்தாங்க. ரவுட்டர் காரிடர் கடைசில, என் ரூமுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு செவுரு. இப்ப வர்ற ரவுட்டர்ல ரெண்டு அலை இருக்கும் தெரியுமில்ல, 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா இருக்கும் ஆனா செவுரு தாண்டினா சோந்துடும், 2.4 மெதுவா இருந்தாலும் செவுரு தாண்டி வரும். என் ரூமுக்கு 2.4 மட்டும்தான் ஒழுங்கா வரும். அது பரவால்ல, வீடியோ மீட்டிங்குக்கு நாலஞ்சு Mbps ஸ்பீடு இருந்தா ஓடிடும். வேடிக்கை என்னன்னா ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ காலேஜ் கைடுகூட ரிவ்யூ மீட்டிங், மத்தியானம் 1 மணிக்கு, வீட்லேந்து வேலை பாக்கற நாள்ல வரும், கரெக்டா நான் முக்கியமா எதையாவது சொல்ல வாயெடுக்கும்போது அவர் மூஞ்சி அப்படியே நின்னுடும். ரெண்டு நிமிஷம் கழிச்சு திரும்ப வருவாரு. நாலு மீட்டிங் கழிச்சுத்தான் மண்டைல ஏறுச்சு, என் ரூமுக்கு அந்தப்பக்கம் கிச்சன், செவுத்த ஒட்டி மைக்ரோவேவ். அந்த மைக்ரோவேவும் 2.4 பக்கத்துலயேதான் ஓடுது, கொஞ்சம் கசிஞ்சாலும் வைஃபை திணறிடும். 1 மணிக்கு எல்லாரும் சாப்பாடு சூடு பண்றாங்க, எங்க கைடு உறைஞ்சு போறாரு. ரவுட்டர காரிடர் நடுவுக்கு மாத்துங்கன்னு ஆப்ல டிக்கெட், அதாவது கம்ப்ளைன்ட், போட்டேன். அதுக்கு வந்த பதில், "உங்கள் சாதனத்தை அணைத்து மீண்டும் இயக்கவும்". அதுக்கப்பறம் ரிவ்யூ இருக்கற நாள்ல கிச்சன் வாட்ஸ்ஆப் க்ரூப்ல "1லேந்து 1:30 வரைக்கும் யாரும் சூடு பண்ணாதீங்க ப்ளீஸ்"னு போட ஆரம்பிச்சேன், பசங்க தங்கமான பசங்க, ஒத்துழைச்சாங்க. புக் பண்ணும்போது ஸ்பீட் டெஸ்ட் ஸ்க்ரீன்ஷாட் கேளுங்க, அதுவும் அந்த ரூம் உள்ள கதவ சாத்திட்டு எடுத்தது, அப்லோட் நம்பர் தெரியற மாதிரி. ரவுட்டர் பக்கத்துல நின்னு எடுத்து அனுப்பினா எல்லார் வீட்டு இன்டர்நெட்டும் அதிவேகம்தான்.

சத்தம். மெயின் கதவு பக்கத்து ரூம் எனக்கு. கதவு தானா மூட மேல ஒரு கை மாதிரி வெச்சிருப்பாங்களே, டோர் க்ளோசர், அது கடைசி ஒரு சாண்ல கதவ விட்டுடும், டமார். 14 பேர் இருக்கற ஃப்ளோரு, ஆளுக்கு நாலு தடவ போக வர, எண்ணிக்கோங்க. மொத மூணு வாரம் இயர் ப்ளக்லதான் தூங்கினேன். ஃபோம் ப்ளக்க சும்மா காதுல சொருகினா ஒண்ணும் கேக்காம இருக்காது, அத நல்லா மெலிசா உருட்டி, இன்னொரு கைய தலைக்கு மேல சுத்தி கொண்டுவந்து காத மேலயும் பின்னாலயும் இழுத்துப் புடிச்சு, உள்ள விட்டு, அரை நிமிஷம் விரலால அமுக்கிப் புடிக்கணும், அது உப்பி அடைக்கற வரைக்கும். நல்லா அடைச்சுச்சு. அலாரத்தையும் சேத்து அடைச்சுச்சு. அந்த ரெண்டாவது லேட்டுக்கு மென்டர் ஒண்ணும் சொல்லல, கைகடிகாரத்த மட்டும் பாத்தாரு. அப்பறம் போன வைப்ரேஷன்ல தலகாணிக்கு அடில வெச்சேன்.

கதவுக்கு மூணு டிக்கெட் போட்டேன். மொத டிக்கெட் "தீர்க்கப்பட்டது"ன்னு தானா மூடிக்கிச்சு. ரெண்டாவதுக்கு ஒரு ரேட்டிங் லிங்க் வந்துச்சு. மூணாவதுக்கு, அஞ்சாவது வாரத்துல, நெஜமான ஒரு மனுஷர் வந்தாரு, மெயின்டனன்ஸ் பாக்கறவர், கைல ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர். க்ளோசர் பாடில சின்னதா ஒரு ஸ்க்ரூ இருக்கு, கதவு கடைசில மூடற வேகத்துக்கு அது, வலப்பக்கமா கால் திருப்பு திருப்பினாரு, கதவு பூனை மாதிரி மூடுச்சு. ரெண்டு நிமிஷம் கூட இல்ல. "ரொம்ப இடப்பக்கம் திருப்பிடாதீங்க, ஸ்க்ரூ வெளிய வந்தா உள்ள இருக்கற ஆயில் பூரா கொட்டிடும்"னு சொன்னாரு, நான் தொடப் போறேன்னு எப்படி கண்டுபிடிச்சாருன்னு தெரியல. அப்படியே சமையல் கட்டு பக்கத்துல ராத்திரி ராத்திரி ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவ கீச்சுன்னு கத்திட்டு இருந்த ஸ்மோக் அலாரத்துக்கு பேட்டரியும் மாத்திட்டுப் போனாரு. பேட்டரி தீரப்போகுதுன்னா அது அப்படித்தான் கத்தும், ராத்திரி குளுர்ல பேட்டரி இன்னும் கொஞ்சம் எறங்கறதால கரெக்டா நடுராத்திரிலதான் ஆரம்பிக்கும். இவர மாதிரி ஆளு வாரத்துக்கு ஒரு நாள் வந்தா அந்த ஆப்பே தேவையில்ல.

மத்தது சீக்கிரம் சொல்லிடறேன். ரூம்ல ப்ளக் பாயின்ட் ரெண்டு, அதுல ஒண்ணு பீரோவுக்கு பின்னாடி, எக்ஸ்டென்ஷன் கார்டு எடுத்துட்டுப் போங்க. வாஷிங் மெஷின் ஒண்ணு, 14 பேருக்கு, ஞாயித்துக்கிழமை அங்க நிக்கற க்யூவ பாத்தா வேற எதுவோ இலவசமா குடுக்கறாங்கன்னு நெனைப்பீங்க, நான் புதன்கிழமைக்கு மாறிட்டேன். துணிய ரூமுக்குள்ள காயப்போட்டா ஜன்னல தெறந்து வைங்க, அந்த ஈரம் எங்கயும் போகாது, உங்க பீரோவுக்கு பின்னாடி செவுத்துல பூஞ்சையா வந்து உக்காரும். ஃப்ரிட்ஜ்ல ஆளுக்கு அரை தட்டு. பாத்ரூம் நல்லா இருந்துச்சு, வெந்நீர் ஒரு நாள்கூட நின்னதில்ல, அத சொல்லியே ஆகணும்.

அக்ரிமென்ட் பத்தி கொஞ்சம். ப்ளேஸ்மென்ட் 24 வாரம், இவங்க குறைஞ்சபட்சம் 6 மாசம்னு சொன்னாங்க. 6 மாசம்னா 24 வாரம்தானேன்னு கையெழுத்து போட்டேன், மாசத்துக்கு நாலு வாரம்னு கணக்கு போடற பழக்கம். 6 மாசம் 26 வாரம்ங்க. ரெண்டு வாரம் ஆளில்லாத ரூமுக்கு வாடகை கட்டினேன், என் தப்புதான், அவங்கள சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு அவங்ககிட்ட நல்லது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி அக்ரிமென்ட். நாலு பேர் சேந்து வெளிய ஒரு வீடு எடுத்து ஒரே பேப்பர்ல நாலு பேரும் கையெழுத்து போட்டா, அந்த பேப்பர்ல எழுதியிருக்கறத பொறுத்து, ஒருத்தன் பாதில ஓடிப்போனா அவன் பங்கும் மத்தவங்க தலைல விழலாம், என் கூட வேலை பாத்த ஒருத்தனுக்கு அப்படித்தான் விழுந்துச்சு. அப்பறம் கம்பெனிக்காரன் ப்ளேஸ்மென்ட்ட நடுவுல ரத்து பண்ணிட்டா என்ன ஆகும்னு ஒரு கேள்விய மெயில்ல கேட்டு பதில வாங்கி வைங்க. நான் கேட்டேன், ஒரு மாச நோட்டீஸ் குடுத்துட்டு போகலாம்னு எழுதிக் குடுத்தாங்க. தேவைப்படல. ஆனா அந்த மெயில் இருக்குங்கற தைரியம் இருந்துச்சு.

இவங்கள புக் பண்றதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல ஏமாறப் பாத்தேன், அதையும் சொல்லிடறேன். ரொம்ப அழகான ரூம், வாடகை கம்மி, ஓனர் வெளியூர்ல இருக்காராம், அட்வான்ஸ் போட்டா சாவி கூரியர்ல வருமாம். போட்டோவ இமேஜ் சர்ச்ல போட்டுப் பாத்தா அதே ரூம், அதே தலகாணி, வேற ரெண்டு ஊர்ல வாடகைக்கு இருக்கு. பாத்தே ஆகணும்னா வீடியோ கால்ல பாருங்க, ரெக்கார்டு பண்ணின வீடியோ வேணாம், லைவா வரச்சொல்லி குழாய தெறங்க, ஜன்னல தெறங்கன்னு சொல்லுங்க. போட்டோல கதவு நெலை ஓரத்துல சாஞ்சு வளைஞ்சிருந்தா அது வைட் ஆங்கிள், கட்டில் பக்கத்துல தெரியற மைதானம் நேர்ல ஒரு முழம்தான் இருக்கும்.

இப்ப கிச்சன் டேபிள். விளம்பரத்துல இத பத்தி ஒரு வரியும் கிடையாது, போட்டோகூட ஒண்ணும் இல்ல. எட்டு பேர் உக்கார்ற பழைய மர மேஜை, ஒரு ஓரத்துல யாரோ எப்பவோ சூடான பாத்திரத்த வெச்ச வட்டமான தழும்பு, ஒரு கால் குட்டை, அதுக்கு அடில நாலா மடிச்ச அட்டை. வேலை நாள்ல தனியா இருக்கோம்ங்கற நெனப்பே வராது, வேலைக்கு போயிட்டு வந்து சாஞ்சா காலைலதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் 3 மணி இருக்கே, அதுதான் ஆளக் கொல்லும். வீட்டுக்கு போன் பண்ணா "சாப்டியா"ம்பாங்க, "சாப்டேன்"பேன், அதுக்கு மேல சொல்றதுக்கு இருக்கும், ஆனா சொன்னா அம்மா ராத்திரி தூங்க மாட்டாங்கன்னு "வெச்சுடறேன்மா, வேலை இருக்கு"ன்னு வெச்சுடுவேன். வேலை ஒண்ணும் இருக்காது.

மொத மூணு ஞாயிறு ரூம்லயே கதவ சாத்திட்டு படம் பாத்தேன். நாலாவது ஞாயிறு சார்ஜர் வேலை செய்யற ப்ளக் பாயின்ட் தேடி லேப்டாப்ப தூக்கிட்டு கிச்சனுக்கு போய் உக்காந்தேன், லாக் புக் எழுதறதுக்கு, வாரா வாரம் மென்டர்கிட்ட கையெழுத்து வாங்கணும். எதிர்ல அந்த குப்பை போட வந்த பொண்ணு, அவங்களும் அதே மாதிரி ஒரு லாக் புக்க வெச்சுக்கிட்டு தலைல கை வெச்சு உக்காந்திருந்தாங்க. "இந்த வாரம் என்ன கத்துக்கிட்டேன்னு எழுதணுமாம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல கலர் மாத்தினேன், அத எப்படி எழுதறது"ன்னாங்க. அரை மணி நேரம் உக்காந்து ரெண்டு பேரும் சேந்து "தரவுகளைக் காட்சிப்படுத்தும் முறைகள்"னு எழுதிக் குடுத்தோம். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. அதுக்கப்பறம் ஞாயித்துக்கிழமை 3 மணின்னா அங்கதான், ஒருத்தர் லாக் புக், ஒருத்தர் துணி மடிப்பாங்க, ஒருத்தன் ஒண்ணுமே பண்ணாம சும்மா வந்து உக்காருவான். யாரும் ரொம்ப நெருங்கின ஃப்ரெண்ட்ஸ்னு சொல்ல முடியாது, பாதி பேரோட முழுப்பேரு எனக்கு தெரியாது, அவங்கவங்க ப்ளேஸ்மென்ட் முடிய முடிய கெளம்பிட்டே இருந்தாங்க. எடம் பாக்கறவங்க ஜிம் இருக்கா, ப்ரொஜெக்டர் ரூம் இருக்கான்னு கேக்கறாங்க. எங்க பில்டிங்ல ப்ரொஜெக்டர் ரூம் இருந்துச்சு, பூட்டியே கெடந்துச்சு. நீங்க கேக்கவேண்டியது கிச்சன்ல நாலு பேர் எதிரும் புதிருமா உக்கார எடம் இருக்கான்னு. செவுத்த பாத்து உக்கார்ற மாதிரி ஒரு பலகைய அடிச்சு ஸ்டூல் போட்டு வெச்சிருந்தாங்கன்னா வேற எடம் பாருங்க.

கடைசி நாள். ரூம் கம்பெனி ஆபீஸ்லேந்து ஒருத்தங்க டேப்லெட்டோட வந்தாங்க, எல்லாத்தையும் டிக் பண்ணிட்டே வந்து மெத்தைய தூக்கினாங்க. "கட்டில் பட்டை ஒடைஞ்சிருக்கு, டெபாசிட்ல கழிச்சுப்போம்"னாங்க. நான் போன்ல மொத ராத்திரி 1:04க்கு அவங்களுக்கே அனுப்பின மெயில தெறந்து, அந்த ப்ரவுன் டேப் போட்டோவ பெருசாக்கி காட்டினேன். அதே டேப், அதே தூசி. அவங்க பாத்தாங்க, டேப்லெட்ல என்னமோ அழிச்சாங்க, "சரி"ன்னாங்க. அப்பறம் செவுத்துல ஆணி ஓட்டைன்னாங்க, அடுத்த போட்டோ. பீரோ கீறல், அதுக்கு அடுத்த போட்டோ. அவங்கமேல எனக்கு கோவம் இல்ல, பாவம் அவங்க அன்னிக்கு மட்டும் ஒம்போது ரூம் பாக்கணுமாம். ஆனா என் பக்கத்து ரூம் பையன் போட்டோ எடுக்கல, அவன் வர்றதுக்கு முன்னாடியே இருந்த ஜன்னல் விரிசலுக்கு அவன்தான் கட்டினான். டெபாசிட் 14 நாள்ல வரும்னாங்க, 19 நாள்ல முழுசா வந்துச்சு, நடுவுல ரெண்டு தடவ மெயில் போட்டேன்.

அதனால 3 ஸ்டார். ரூம், வெந்நீர், பூச்சியில்லாத மெத்தைக்கு ஒண்ணு, தனி அக்ரிமென்ட்டும் டெபாசிட் முழுசா வந்ததும் சேத்து ஒண்ணு, டேபிளுக்கு ஒண்ணு. அந்த மெயின்டனன்ஸ் காரருக்கு தனியா அஞ்சு குடுப்பேன், ஆப்ல அதுக்கு எடமில்ல.

இத எழுதிட்டு இருக்கும்போதே ஒரு மெயில் வந்திருக்கு. நான் காலி பண்ணி ஒரு மாசம் ஆகுது. "உங்கள் ரவுட்டர் தொடர்பான கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, நாளை காலை 10 முதல் 1 மணிக்குள் எங்கள் ஊழியர் உங்கள் அறைக்கு வருவார், தயவுசெய்து அறையில் இருக்கவும்."